ஈசூன் பையன்களும் வேப்பும்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

பிரதமர் லாரன்ஸ் வோங்கின் தேசிய தினப் பேரணி உரை. வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, இனிமேல் போதைப்பொருள் விவகாரமாகவே கையாளப் போகிறார்களாம். 2018லிருந்தே சிங்கப்பூரில் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்தான், ஆனாலும் இங்கே ஈசூனில் எங்கள் புளோக் மின்தூக்கிக்குள் மாம்பழ வாசனை அடிக்காத நாள் குறைவு. உரை முடிவதற்குள் காற்பந்துப் பையன்கள் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணே, இனிமே எவனும் தொடமாட்டான்." பார்க்கலாம் என்று மட்டும் எழுதினேன்.

23 ஆகஸ்ட், சனி

ஆட்டம் முடிந்து காப்பிக்கடை. தேசிய சேவையில் இருக்கும் ஒருத்தன், போன மாதமே வேப்பை விட்டுவிட்டானாம். உடற்தகுதிச் சோதனையின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் மூச்சு வாங்கியிருக்கும், அதனால்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இல்லையாம், ஓட்டமெல்லாம் எப்படியோ பாஸ்தானாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் தலையணைக்கு அடியில் கை தானாகத் துழாவியிருக்கிறது, கிடைக்கவில்லை, மெத்தையைத் தூக்கிப் பார்த்து, அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, பக்கத்தில் படுத்திருந்த தம்பி எழுந்து உட்கார்ந்து "என்னண்ணா தேடுற?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லையாம். "என்னைப் பாத்தா எனக்கே எரிச்சலா இருந்துச்சுண்ணே" என்றான்.

அப்புறம் அவனே இன்னொன்று சொன்னான். சிகரெட் என்றால் ஒன்று எரிந்து முடியும், நசுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதற்கு முடிவே இல்லை, படம் பார்க்கும்போதும் இழுப்பு, குளியலறையிலும் இழுப்பு. உண்மைதான். நிக்கோட்டின் உப்பு என்று ஒன்றைச் சேர்ப்பதால் தொண்டை எரியாது, எரியாததால் எவ்வளவு உள்ளே போகிறது என்று உடம்பு எச்சரிக்காது.

1 செப்டம்பர், திங்கள்

இன்றிலிருந்து எட்டோமிடேட் 'சி' பிரிவுப் போதைப்பொருள். வேப்போடு பிடிபட்டால் அபராதம் 18 வயதுக்குக் கீழே 500 வெள்ளி, பெரியவர்களுக்கு 700. எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் ஆளை மயங்க வைக்கும் மருந்து, அதைத்தான் வேப்பில் கலந்து கே-பாட் என்று அடைத்து விற்கிறார்கள். பறிமுதல் செய்த நூற்றுக்கு மேற்பட்ட வேப்களைச் சோதித்ததில் மூன்றில் ஒன்றில் அது இருந்ததாக ஜூலையிலேயே சுகாதார அமைச்சு சொல்லியிருந்தது.

அபராதத்தைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள், பிடிபட்டால்தானே என்று. மூன்றில் ஒன்று என்றதும் சிரிப்பு நின்றது. டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவன் விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் கணிப்பில், கறுத்த நுரையீரல் படத்தைவிட இந்தச் சந்தேகம்தான் அவர்களிடம் வேலை செய்கிறது. பதினேழு வயதில் நுரையீரல் யாருக்கோ இருக்கும் பொருள்.

7 செப்டம்பர், ஞாயிறு

மழை, ஆட்டம் இல்லை. ஒருத்தன் சமூக மன்றத்துக் குப்பைத்தொட்டியில் தன் வேப்பைப் போட்டுவிட்டு வந்தானாம். காரணம் கேட்டேன். "காசுண்ணே." அவ்வளவுதான்.

20 செப்டம்பர், சனி

விட்ட பையன் ஒருத்தன் மறுபடி தொடங்கிவிட்டான், அதை யாரும் பெரிதாக்கவில்லை, நல்லது. முதல் சில நாள் கோபம்தான் கஷ்டம் என்கிறார்கள், ஒன்றுமில்லாததற்கு வீட்டில் கத்துவது, படிக்க உட்கார்ந்தால் மனம் நிற்காமல் ஓடுவது. இதைச் சுவரொட்டியில் போட்டிருந்தால் அம்மாக்களாவது தயாராக இருந்திருப்பார்கள்.

இரவு ஒரு தனிச்செய்தி, குழுவிலேயே அதிகம் வாய் பேசுபவனிடமிருந்து. தானாகப் போய் உதவி கேட்டால் தண்டனை கிடையாது என்பது நிஜமா, அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்களா என்று கேட்டான். முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். இரண்டாவதை நேரிலேயே கேட்போம், செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன் என்று எழுதினேன். "ஏழு மணிக்கு மேல போகலாமா, க்ளாஸ் இருக்கு" என்று பதில் வந்தது.