கொழும்புக்குப் போன கொழுந்து, திருகோணமலைக்குப் போன கங்கை

இலங்கை மலையகத்தின் அட்டன் நகரம் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலான நீர்பிரி மேட்டில் இருக்கிறது. டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கம் பெய்யும் மழை களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்குப் போகும். தலவாக்கலை, அக்கரப்பத்தனை, நானுஓயாப் பக்கம் பெய்வது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகும். ஊவாப் பக்கத்து உமா ஓயாவும் பதுளை ஓயாவும் அதே கங்கையில்தான் விழுகின்றன. 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் அந்தக் கங்கைக்கு எதிர்க்கரையில் இருப்பதுதான் கிழக்கு மாகாணத்தின் தலைநகரான திருகோணமலை.

தண்ணீர் அங்கே போனது. கோப்பியும் தேயிலையும் போகவில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தும் திருகோணமலை ஏன் கொழும்பாகவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நம்ம மலையில்தான் இருக்கிறது.

முதலில் நில அமைப்பு. கொட்டியாரக் குடா கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில், குன்றுகளுக்குள் ஒளிந்ததுபோல் உட்துறைமுகம். வாசல் குறுகல், உள்ளே ஆழமும் பரப்பும் தாராளம். நகரம் உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் கிடக்கிறது. கடலுக்குள் நீட்டிய பாறைமுனையில் கோட்டை, அதன் உச்சியில், நூறு மீற்றருக்கு மேலான செங்குத்துப் பாறையில், கோணேசர் கோயில். கங்கை கொண்டுவரும் மண் குடாவின் தென்கரையில் படிவதால் அந்தப் பக்கம் ஆழம் குறைவு. வடக்கே துறைமுகம் தப்பித்துக்கொண்டது. கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி, மூவாயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. நீலத் திமிங்கிலங்கள் கரையிலிருந்தே தெரியும் தூரத்துக்கு வருவது இந்த ஆழத்தால்தான்.

பாய்மரக் காலத்தில் இந்த வாசலின் மதிப்பு வேறு. சென்னையும் புதுச்சேரியும் அன்று திறந்த கடற்கரைகள். வடகீழ்ப் பருவத்தில் வங்காள விரிகுடாவில் புயல் எழும்பினால் போர்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டு பருவக்காற்றிலும் பாதுகாப்பான இடம் திருகோணமலை. அதனால்தான் இத்தனை பேர் இதற்காக அடித்துக்கொண்டார்கள். 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்துக்குள் கோட்டை இரண்டு முறை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் கடற்படைத் தளபதி சுஃப்ரான் தலைமையில் பிரெஞ்சுக்காரர். பிறகு மறுபடியும் ஒல்லாந்தர். 1795இல் வந்த ஆங்கிலேயர்தான் நிலைத்தார்கள். பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரும் அவர்கள் வைத்ததே.

இதில் கண்டி அரசின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலைக்குள் இருந்த அந்த அரசுக்கு வெளியுலகத்தோடு பேச கொட்டியாரம் ஒரு கதவு. பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த அங்கே ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். மலைக்குக் கொண்டுவரப்பட்டவர், தப்பிப் போக 1679 ஆனது. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த ஒப்பந்தத்தில் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் இழந்தது. அந்தக் கதவு அன்றோடு மூடப்பட்டது.

திரும்பத் திறந்திருக்கலாம். ஆனால் கோப்பி வந்தது. தோட்டங்கள் மலையின் நடுவிலும் மேற்குச் சரிவிலும் பெருகின. கண்டியிலிருந்து திருகோணமலைக்கு வழியோ அன்று காய்ச்சல் பிடித்த உலர்வலயக் காடு. கொழும்புக்கு ஒழுங்கான வீதி. 1867இல் கொழும்பு ரயில் கண்டியைத் தொட்டது, 1885இல் நானுஓயாவை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்களின் பாதையும் மேற்குக் கரை ஓரமாக விழுந்தது. கொழும்பில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1875இல் தொடங்கி அலைதடுப்புச் சுவர் கட்டிச் செயற்கையாக ஒன்றை உண்டாக்கினார்கள். அந்தச் செலவுக்கு நியாயம் சொன்னது மலைநாட்டு ஏற்றுமதிதான். திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். அதற்குள் தேயிலை வியாபாரம் முழுக்கக் கொழும்பில் வேரூன்றிவிட்டது.

மிஞ்சியது கடற்படை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சீனக்குடாவில் பிரம்மாண்டமான எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன. பிரித்தானியர் தளத்தைக் கையளித்தது 1957இல், சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து. 1988இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்கும், 2007இல் பிரிந்த பிறகு கிழக்கு மாகாணத்துக்கும் தலைநகரம் இதுதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வன்செயலால் தோட்டங்களை விட்டு வடக்கு கிழக்குக்குப் போன நம்ம ஆட்களில் ஒரு பகுதியினர் இந்த மாவட்டத்திலும் குடியேறினார்கள். ஆகவே பலருக்கு இது சுற்றுலா ஊர் அல்ல, சொந்தக்காரர் வீடு.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, முதலில் காற்று. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் மழையைக் கொட்டும் அதே தென்மேற்குக் காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது ஈரமெல்லாம் போய் வறண்டு சூடாகிவிடும். கிழக்கில் அதற்குப் பெயர் கச்சான் காற்று. அதனால் நமக்கு அடைமழையாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடல் அமைதி, வெயில் கடுமை. டிசம்பர் விடுமுறைக்கு என்று திட்டம் போடுவது மலையகத்தில் வழக்கமான தவறு: ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அங்கே வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளித்தால் புறாத்தீவுக்குப் படகு விடமாட்டார்கள்.

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர். ஹபரணைக்கு அப்பால் இரவில் யானை வீதிக்கு வரும். வான் பிடித்துப் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் கந்தளாயைத் தாண்டுவது நல்லது. பதுளைக்காரர் கண்டிக்குச் சுற்றத் தேவையில்லை, மஹியங்கனை, பொலன்னறுவை வழி இருக்கிறது. ரயில் என்றால் பொல்காவலையில் இறங்கி, மாஹோ, கல்ஓயா வழியாகப் போகும் திருகோணமலை வண்டிக்கு மாற வேண்டும். நம்ம பாதையில் வண்டி தாமதமானால் அந்த இணைப்பு தவறும், ஆகவே இடையில் சில மணித்தியாலம் விட்டுத் திட்டமிடுங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடுப்பகலில் அந்தக் கல்லில் நடந்தால் கால் பொசுங்கும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கண்ட இடத்தில் படம் எடுக்கக் கூடாது. மான்கள் பக்கத்தில் வரும். பொலித்தீன் பையோடு சாப்பாட்டைக் கீழே போட்டால் பையையும் சேர்த்துத் தின்றுவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் சின்னச் சதுரத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆழம் மூன்று நான்கு அடிதான் என்பதால் கூட்டம் கூடினால் தண்ணீர் சட்டென்று கீழே போய்விடும். விடிந்ததும் போகிறவர்களுக்கே நல்ல குளியல்.

நேரம் இருந்தால் கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே படகுப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. வழியில் கங்கைக் கிளைகளைப் பாலங்களால் தாண்டுவீர்கள். தண்ணீர் குறைவாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்: 1976 முதல் கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லையில் ஒரு பங்கு வடக்கே திரும்புகிறது, மீதியை விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் தேக்கி அளந்துதான் விடுகின்றன.