சிடார் பெஞ்ச்: உட்காரும் பலகை முடிந்தது, கைப்பிடி பாக்கி

ஒருவழியாக உட்காரும் பலகைகளுக்கு எண்ணெய் பூசியாயிற்று. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அறுத்தது, கழுந்து (துளைக்குள் செருகும் முனை) செதுக்கியது, மூட்டியது எல்லாம் வழக்கமான வேலைதான். உயிரை வாங்கியது மேற்பரப்பு. வெஸ்டர்ன் ரெட் சிடாரில் நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். அது போதாதென்று, ஒரே பலகைக்குள் இரண்டு குணம் வேறு. வெளிறிய அகல வரி பஞ்சு மாதிரி, அதை ஒட்டிய கருவரி கெட்டி. அடியில் மெத்தை வைத்த சாண்டரை (உப்புத்தாள் பூட்டிய தேய்ப்பு எந்திரம்) ஓட்டினால் மெத்தென்ற பகுதியைத் தின்றுவிட்டுக் கெட்டி வரியை விட்டுவிடும். பார்வைக்குச் சமமாக இருக்கும், தடவினால் அலை அலையாக உறுத்தும். இன்னும் நைசான தாள் போட்டால் சரியாகும் என்பார்கள். ஆகாது. மெத்தை இருக்கிறவரை பள்ளம் ஆழமாகத்தான் செய்யும்.

என் வழி இழைப்புளிதான். அலகு நல்ல கூர்மையில் இருக்க வேண்டும். மழுங்கிய அலகு இந்த மரத்தின் நாரை வெட்டாமல் நசுக்கும். பிறகு ஈரம் பட்டதும் நசுங்கியது எழுந்து நிற்கும். சீவல் தூளாக உதிர ஆரம்பித்தால் உடனே சாணைக்கல்லுக்குப் போய்விடுவேன். அப்புறம் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 120 எண் உப்புத்தாளால் வரியோடு கையால் தேய்த்தேன். பென்சில் கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம், மீண்டும் இழைப்பு. 120-க்கு மேல் போகவில்லை. ரொம்ப நைசாக்கினால் மேற்பரப்பு மெழுகினாற்போல் இறுகி, எண்ணெய் உள்ளே இறங்காது. சுத்தியல் பட்ட தடங்களுக்கு ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் போதும், நார் உப்பி மேலே வந்துவிடும். நார் அறுந்திருந்தால் மட்டும் வராது.

மரக்கடையைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. வைரப்பலகை (மரத்தின் உட்பகுதி) என்று சொல்லி, ஓரத்தில் வெள்ளை (வெளிப்பகுதி மரம்) ஓடிய பலகைகளையும் கட்டுக்குள் செருகியிருந்தார்கள். சிடார் மழைக்குத் தாங்கும் என்பதெல்லாம் வைரப்பகுதிக்குத்தான். வெள்ளை சீக்கிரம் உளுத்துவிடும். அவற்றைத் தனியே எடுத்து வீட்டுக்குள் வைக்கும் அலமாரிக்கு ஒதுக்கிவிட்டேன்.

ஸ்க்ரூவிலும் கவனம் வேண்டும். இந்த மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம், ஈரத்தில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், ஈரமான சிடார் தூளில் ஒன்றை இரவு முழுக்கப் புதைத்துப் பார்க்கிறேன். சுற்றிலும் கறுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதே காரணத்தால் ஸ்டீல் வுல்லும் (தேய்க்கப் பயன்படும் இரும்பு நார்) பட்டறைக்குள் வரக்கூடாது. ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். முகமூடி இல்லாமல் சிடார் தூளோடு விளையாட வேண்டாம், ஆஸ்துமாவையே கொண்டுவரக்கூடியது.

வார்னிஷ் வேண்டாமென்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வெயிலில் உரிந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெயை மேலேயே மறுபடி பூசலாம். நிறமி கலந்த எண்ணெயாக எடுத்தேன், இல்லாவிட்டால் சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும். பலகையின் வெட்டுமுனை எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிறது, போதும் என்று அது நிறுத்தும்வரை விட்டேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

கைப்பிடியே முடியவில்லை, அதற்குள் போர்வைப் பெட்டிக்குப் படம் போட்டாயிற்று. அது வாசனைச் சிடாரில், அதாவது ஜூனிபர் இனத்தில். உள்பக்கம் எதுவும் பூசப்போவதில்லை: பூசினால் வாசனையும் போகும், மரத்தின் எண்ணெய் பூச்சை இளக்கிப் பிசுபிசுப்பாக்கியும் விடும்.

சரி, கைப்பிடி. வளைவில் இழைப்புளி ஏறாது. சுரண்டுதகடு இந்த மென்மரத்தில் பஞ்சைத்தான் கிளப்புகிறது. ஸ்போக்‌ஷேவ் என்ற, இரு கையால் பிடித்து வளைவைச் சீவும் சிறு கருவிதான் வழி, அதன் அலகைத் தீட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும்.