சான்றிதழில் விடுபட்ட ஓர் எழுத்து: சேலத்துக்கு நாக்அவுட் சுண்டெலிகள் வந்த கதை

மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளோடு பெங்களூரில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அம்மாவின் உடல்நிலை காரணமாகச் சேலத்துக்குத் திரும்பினேன். ஜன்னலைத் திறந்தால் ஏற்காட்டு மலை தெரியும் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பெங்களூரில் எனக்கு வேண்டிய சுண்டெலியைக் கேட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், வாரக் கடைசியில் கூண்டு மேசைக்கு வந்துவிடும். அந்தச் சீட்டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பும் எத்தனை காகிதங்களும் இருந்தன என்பது, இங்கே நானே எல்லாவற்றையும் செய்ய வேண்டி வந்தபோதுதான் புரிந்தது. மாவட்டக் கல்லூரிகளில் இதே வேலையைத் தொடங்க நினைக்கும் இளைய ஆய்வாளர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது அபோஇ என்ற மரபணு நீக்கப்பட்ட, அதாவது ‘நாக்அவுட்’ செய்யப்பட்ட, சுண்டெலிகளில். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் துகள்களைக் கல்லீரல் அடையாளம் கண்டு உள்ளிழுக்க இந்த மரபணு தரும் புரதம் தேவை. சாதாரணச் சுண்டெலிக்கு எளிதில் ரத்தக்குழாய் அடைப்பு வராது. இந்த மரபணு இல்லாத சுண்டெலிக்கோ வழக்கமான தீவனத்திலேயே கொலஸ்டிரால் பல மடங்கு ஏறி, தமனிச் சுவரில் கொழுப்புப் படியும். 1992இல் உருவாக்கப்பட்ட இந்த வகை இன்று உலகம் முழுவதும் ஆய்வகங்களில் வளர்கிறது. அதன் முழுப்பெயர் பி6.129பி2-அபோஇ-டிஎம்1யுஎன்சி/ஜே. பார்க்கக் கடவுச்சொல் போல இருந்தாலும் அதில் வீணான எழுத்து ஒன்றுகூட இல்லை. பி6 என்பது இப்போது அது சார்ந்திருக்கும் சி57பிஎல்/6 என்ற கருப்புச் சுண்டெலி மரபு, 129பி2 என்பது மரபணுவை நீக்கிய கருமூலச் செல் எடுக்கப்பட்ட மரபு, யுஎன்சி என்பது அதை உருவாக்கிய வட கரோலினாப் பல்கலைக்கழகம், கடைசி ஜே அதைப் பேணி வளர்க்கும் ஜாக்சன் ஆய்வகம். இந்தப் பெயரை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கல்லூரியின் விலங்குக் கூடம் எலிகளுக்கும் முயல்களுக்கும் ஏற்கெனவே பதிவு பெற்றிருந்ததால் அந்தக் கட்டம் எளிதாக முடிந்தது. மரபணு மாற்றப்பட்ட உயிரி என்பதால் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்று வேண்டியிருந்தது. அதை அமைக்க நான்கு மாதங்கள் ஆயின, ஆனால் தடங்கல் எதுவும் இல்லை.

விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் நான் வைத்த முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதில் குற்றம் என்னுடையது. 12 நாக்அவுட் ஆண்களும் 12 இயல்பான ஆண்களும் வேண்டும் என்று எழுதி, மொத்தம் 24 என்று போட்டிருந்தேன். வெளி நிறுவனத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், "அம்மா, இந்த 24 பிறக்க எத்தனை பிறக்க வேண்டும், மீதி என்னவாகும்?" என்று கேட்டார். பெற்றோர் இருவரும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒற்றைப் பிரதி மட்டும் இழந்தவை என்றால் குட்டிகளில் நான்கில் ஒன்றுதான் இரண்டையும் இழந்த நாக்அவுட். அதில் பாதிதான் ஆண். ஆகவே 12 நாக்அவுட் ஆண்களுக்கு ஏறத்தாழ 96 குட்டிகள் பிறக்க வேண்டும். மீதி 72 உயிர்களைப் பற்றி என் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை. பெண்களையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டால் 48 குட்டிகள் போதும் என்பதை அந்த மேசையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆய்வும் அதனால் வலுவடைந்தது. இனப்பெருக்கத்தில் பிறக்கும் எல்லாக் குட்டிகளையும், பயன்படாதவை உட்பட, படிவத்தில் எண்ணிக்கையாகக் காட்டுங்கள். ஒன்பது ஆண்டு அனுபவத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. சுண்டெலிகளைக் கொடுக்க பெங்களூரில் ஒரு நிறுவனம் முன்வந்தது. முதலில் விற்ற வளர்ப்பகத்தின் நிபந்தனைப்படி மூன்றாம் இடத்துக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்பதால் அந்தக் கடிதமும் வாங்கியாயிற்று. செப்டம்பரில் ஒரு நாள் குளிர்சாதன வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வடிகட்டி மூடி போட்ட பெட்டிகளோடு விடியற்காலையில் புறப்பட்டோம்.

அங்கே அலுவலக மேசையில் இருந்தவர் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒப்புதல் சான்றிதழில் நிறுத்தினார். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழைத் தட்டச்சு செய்தவர், நீளமான பெயரைச் சுருக்கி "சி57பிஎல்/6 நாக்அவுட் சுண்டெலி" என்று போட்டிருந்தார். நான் கொடுத்த விண்ணப்பத்தில் முழுப்பெயர் இருந்தது, சான்றிதழில் இல்லை. "எந்த 6, மேடம்? 6ஜேயா, ‘6என்’ஆ? எங்களிடம் இரண்டிலும் இருக்கிறது" என்றார். விண்ணப்பத்தின் நகலைக் காட்டினேன். தலைவர் கையெழுத்திட்டது சான்றிதழில்தான், விண்ணப்பத்தில் அல்ல என்று தள்ளிவிட்டார். தொலைபேசியில் எங்கள் குழுத் தலைவரோடு பேசச் சொன்னேன். அது வழக்கமில்லை என்றார். மூன்று மணி நேரம் அந்த நடைபாதையில் நின்றுவிட்டு, காலிப் பெட்டிகளோடு திரும்பினோம்.

அவர் கேட்ட கேள்வி சரியானது. அதை நான் மறுக்க மாட்டேன். 6ஜே, 6என் இரண்டும் அந்தக் கருப்புச் சுண்டெலி மரபில் 1951இல் பிரிந்த கிளைகள். 6என் சுண்டெலிகளில் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்டி8 என்ற பிறழ்வு உண்டு. 6ஜேயில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதி இல்லை, அதனால் இன்சுலின் சுரப்பு மாறும். கொழுப்பையும் சர்க்கரையையும் ஆராய்கிறவருக்கு இந்த வேறுபாடு ஆய்வையே கெடுத்துவிடும். என் வருத்தமெல்லாம், இரண்டு வாரங்களுக்கு முன்பே எல்லாக் காகிதங்களின் நகலையும் நான் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தும், அவற்றை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பதில்தான். "வாருங்கள்" என்று பதில் போட்டதும் அதே அலுவலகம்தான்.

சான்றிதழைத் திருத்துவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். திருத்தம் குழுவின் கூட்டத்தில் பதிவாக வேண்டும் என்றார்கள். விலங்குப் பரிசோதனைகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழு நியமித்த உறுப்பினர் இல்லாமல் கூட்டம் செல்லாது. இரண்டு முறை தேதி குறித்து இரண்டு முறையும் அவரால் வர இயலவில்லை. இணை நியமன உறுப்பினர் ஒருவர் இருப்பதும், முதன்மை உறுப்பினர் வராதபோது அவரை அழைக்கலாம் என்பதும் எனக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. அவரைக் கூப்பிட்ட அடுத்த வாரமே கூட்டம் நடந்தது. திருத்திய சான்றிதழ் பிப்ரவரியில் கைக்கு வந்தது. ஓர் எழுத்துக்கு ஐந்து மாதங்கள். உங்கள் குழுவின் இணை உறுப்பினர் யார் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சான்றிதழின் வரைவைக் கையெழுத்துக்குப் போகும் முன்பே வாங்கி, கூண்டு அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இரண்டாம் பயணத்தில் காகிதம் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 4 ஆண்களும் 8 பெண்களும், எல்லாம் ஒற்றைப் பிரதி இழந்தவை. ஆனால் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் இறக்கத்துக்கு வந்தபோது வண்டிகள் நின்றுவிட்டன. "கீழே லாரி கவிழ்ந்து கிடக்குதாம் மேடம்" என்றார் ஓட்டுநர். அந்தச் சாலையில் போய் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இயந்திரத்தை நிறுத்தினால் குளிர்சாதனமும் நின்றுவிடும். இரண்டரை மணி நேரம் பெட்டிகளின் அருகிலேயே வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் ஊட்டக் கூழ் போதுமான அளவு வைத்திருந்ததாலும், ஓட்டுநர் கிருஷ்ணகிரியிலேயே டீசல் நிரப்பியிருந்ததாலும் பன்னிரண்டும் உயிரோடு சேலம் வந்தன. இன்னொரு முறை என்றால் நள்ளிரவில் புறப்பட்டு, வெயிலுக்கு முன்பே அந்த இறக்கத்தைக் கடப்பேன்.

நான்கு வாரத் தனிமைக்குப் பிறகு ஜோடி சேர்த்தோம். முதலில் ஈன்ற மூன்று தாய்களும் இரண்டு நாளில் குட்டிகளைத் தின்றுவிட்டன. பக்கத்துக் கட்டடத்தில் தரையை உடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சத்தமும் அதிர்வும் தாயைக் கலவரப்படுத்தும் என்பது தெரிந்திருந்தும் வேறு அறைக்கு மாற்ற இடமில்லை. முதல்வரிடம் நேரில் போய்ச் சொன்ன பிறகு வேலையை விடுமுறைக்குத் தள்ளிவைத்தார்கள். அவருடைய அந்த உதவியை மறக்க மாட்டேன். அதன்பின் கூடு கட்டப் பருத்தி கொடுத்து, ஈன்ற முதல் வாரம் கூண்டையே தொடாமல் விட்டோம். மே மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் ஓடியும் குளிர்சாதனம் தானாகத் திரும்ப இயங்கவில்லை. காவலர் கதவருகே வெப்பத்தை உணர்ந்து என்னை எழுப்பியதால் தப்பித்தோம். மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி அமைப்பதற்கு முன்பு சுண்டெலியை உள்ளே கொண்டுவராதீர்கள்.

ஜூன் தொடக்கத்தில் 21 நாள் ஆன ஏழு குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, காது நுனியில் சிறு துளை எடுத்து, மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை போட்டேன். துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் முதல் ஜெல்லில் வெறும் தண்ணீர் வைத்த குழியிலும் பட்டை தெரிந்தது, எங்கோ கலப்படம். எல்லாக் கரைசல்களையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்து இரண்டாம் நாள் ஓட்டினேன். தண்ணீர்க் குழி சுத்தமாக இருந்தது. இயல்பான மரபணுவின் பட்டை 155 எழுத்து நீளத்திலும், நீக்கப்பட்டதன் பட்டை 245இலும் தெரியும். 155இல் மட்டும் பட்டை உள்ளது ஒன்று, 155இலும் 245இலும் உள்ளவை நான்கு, 245இல் மட்டும் உள்ளவை இரண்டு. சேலத்தில் என் கையால் வளர்த்த முதல் இரண்டு நாக்அவுட் சுண்டெலிகள். உதவிக்கு இருந்த முதுகலை மாணவி அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டாள்.

ஒரே அறையில், ஒரே மின்கம்பியை நம்பி இந்த வம்சம் இருப்பது எனக்குத் தூக்கம் தரவில்லை. விந்தணுவை உறையவைத்துப் பாதுகாக்க முடிவு செய்திருக்கிறோம்; மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் நடப்பதால் திரவ நைட்ரஜனுக்கு இந்த மாவட்டத்தில் வழி உண்டு. அதற்கான விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது. சான்றிதழின் வரைவைத் தலைவர் மேசைக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்ட அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.