அப்பாவுக்குக் கரண்ட் வைத்த இருபது நாள்

ஜூன் 3
இன்று அப்பாவின் கதிர்வீச்சு சிகிச்சைக்கு முதல் நாள். எங்கள் பக்கம் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். அந்தச் சொல்லிலேயே அப்பா பாதி பயந்துபோயிருந்தார். வெளியே வந்ததும், "ஒண்ணுமே தெரியலய்யா, மெஷின் சுத்திச்சு, அவ்வளவுதான்" என்றார்.

மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். 20 தவணையில் மொத்தம் 60 கிரே; கிரே என்பது கதிரின் அளவு. சனி, ஞாயிறு கிடையாது. "78 வயசுல எதுக்கு அவரப் போட்டுப் படுத்துத?" என்று சித்தப்பா கேட்டார். டாக்டரோ அப்பாவை நடக்கவிட்டார், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், என்னென்ன மாத்திரை, எத்தனை வேளைச் சாப்பாடு என்று விசாரித்தார். அப்புறம்தான் "தாங்குவார்" என்றார்.

ஜூன் 6
மனசே சரியில்லை. தினமும் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கவேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே விலகிக் கதிர் படாமல் தப்பும். இன்று ஸ்கேனில் பை பாதிகூட நிறையவில்லை. "தாத்தா, இன்னும் தண்ணி குடிங்க" என்று டெக்னீசியன் பிள்ளை இறக்கிவிட்டது. குடித்தார். "எய்யா, இனி தாங்காது" என்றார். பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். வேட்டி நனைந்துவிட்டது. துண்டை மடியில் விரித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தார்.

ராத்திரிதான் சொன்னார். பஸ்ஸில் முட்டிவிடும் என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். இன்று மட்டுமல்ல, பல வருடமாகவே வெளியூர் கிளம்பினால் அப்படித்தானாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 12
இப்போது ஒரு பஸ் முன்னாலேயே கிளம்புகிறோம். வீட்டிலேயே இரண்டு செம்பு தண்ணீர். சேரன்மாதேவி ஸ்டாண்டில் ஒருமுறை ஒன்றுக்கு, இறங்கியதும் ஒருமுறை. எட்டாவது தவணை, முதல் ஸ்கேனிலேயே சரி.

பக்கத்தில் முக்கூடல்காரர் ஒருவர். நாற்பது வருட பீடி, மூத்திரப்பையிலேயே கட்டி. அவரைப் பையைக் காலி செய்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

ஜூன் 21
திருநெல்வேலியில் ஆனித் தேர், விடுமுறை. இரண்டு நாளாக எரிச்சல், ராத்திரி ஐந்து தடவை எழுகிறார். கடைசி வாரத்தில் கூடும், முடிந்த பிறகு மெல்லத் தணியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நானும் கூடவே எழுகிறேன்.

ஜூலை 2
இருபதும் முடிந்தது. திரும்பும்போது பஸ் ஏறுமுன் அப்பாவே பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பத்தமடை வந்ததும் என் தோளைத் தொட்டார். கண்டக்டரிடம் சொன்னேன், நிறுத்தினார்கள். அப்பா நிதானமாக இறங்கிப் போய்விட்டு வந்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.