தலைப்பில் நான் சேர்த்த சொல்

2006ஆம் ஆண்டில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணையாசிரியராகப் பணிபுரிந்தேன். ஓர் இரவு, பகுதிநேர நிருபர் ஒருவர் ஆறே வரிகளில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பனியன் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறிச் சேர்ந்து வாழ்ந்ததாகவும், காவல்துறையினர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பெற்றோரிடம் ஒப்படைத்ததாகவும் அதில் இருந்தது. ஒற்றைப் பத்திச் செய்தி. தலைப்புக்கு இரண்டு வரி இடம். “தோழிகள் தகாத உறவு, போலீஸ் மீட்பு” என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த செய்தியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அவர்களில் ஒரு பெண்ணின் தந்தை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். சத்தம் போடவில்லை. “நிருபர் எழுதுனதுல அந்த வார்த்தை இல்லீங்களாமே சார். அது நீங்க போட்டதுங்களா?” என்று மட்டும் கேட்டார். இப்படிப்பட்ட செய்திக்கு அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் படிக்கத் தொடங்கியது அந்த அழைப்புக்குப் பிறகுதான். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவில் மனிதர்களுடைய அன்பைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை; ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான புணர்ச்சி’ என்ற ஒரு செயலும், ஆயுள்வரை நீளக்கூடிய தண்டனையும்தான் இருந்தன. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1533இல், இங்கிலாந்து கொண்டுவந்த சட்டத்தின் வழிவந்த பிரிவு அது. வயதுவந்த ஆண்கள் இருவர் தனிமையில் மனமொத்து உறவுகொள்வது குற்றமாகாது என்று 1967இல் அந்த நாடே சட்டம் செய்த பிறகும், நாம் அதை அரை நூற்றாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தோம். பிரஷ்ய நாட்டில் இதே போன்றதொரு சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி 1869இல் எழுதிய துண்டுநூலில்தான் ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லே அச்சேறியது. நீதி கேட்கப் பிறந்த அந்தச் சொல்லைப் பின்னர் மருத்துவர்கள் நோயின் பெயராக்கினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலகச் சுகாதார நிறுவனம் 1990இலும்தான் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தன. நாங்களோ தமிழில் ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதிவந்தோம். அதிலும் இருப்பது ‘சேர்க்கை’தான், சட்டம் பார்த்தது போலவே எங்கள் சொல்லும் ஆளை விட்டுவிட்டுச் செயலை மட்டுமே பார்த்தது.

2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, நல்ல எண்ணத்தோடுதான் “ஓரினச்சேர்க்கை குற்றமல்ல” என்று தலைப்பிட்டேன். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. நூற்றைம்பது ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்களே இந்தப் பிரிவில் வழக்கைச் சந்தித்தார்கள் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒரு காரணமாகக் காட்டியிருந்தது. காவல் நிலையத்தில் மிரட்டிப் பிரிக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்? எங்கள் ஆறு வரிச் செய்தியில் வழக்கே இல்லையே. ‘மீட்பு’ என்றும் நான்தான் எழுதியிருந்தேன். வயதுவந்த இரண்டு பேரை யாரிடமிருந்து மீட்டார்கள் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த நாளில், முதல் பக்கத்துக்கு “தன்பாலின உறவு குற்றமல்ல” என்று எழுதினேன். வாசகருக்குப் புரியுமா என்று செய்தி ஆசிரியர் தயங்கினார். நீதிமன்ற வாசலில் இருவர் கட்டிப்பிடித்து அழும் படம் பக்கத்திலேயே இருக்கிறது, புரியும் என்றேன். இந்த மக்களிடமும் இவர்களது குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் வரியை மொழிபெயர்க்கையில், ‘குடும்பத்தாரிடமும்’ என்ற சொல்லைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்றோர் புகார், காவல்துறை விசாரணை என எல்லாம் என் பழைய செய்தியைப் போலவே இருந்தது. ஆனால் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கு இருந்த அறியாமையை ஒளிக்காமல் எழுதினார். ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பளித்தார். ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியல் அரசிதழில் வெளியானது. அதை அச்செடுத்து எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

திருமண உரிமையை 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்துவைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை அவர் விரும்பிய தோழியோடு செல்ல அனுமதித்து, திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்றது. புதிதாகச் சேர்ந்திருந்த துணையாசிரியர் அந்தச் செய்திக்கு, “விரும்பிய துணையுடன் வாழ இளம்பெண்ணுக்கு உரிமை” என்று தலைப்பு எழுதிக் கொண்டுவந்தார். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. எல்லாப் பெற்றோரும், தன்பாலின ஈர்ப்புள்ள தம் மகனை ஏற்றுத் துணைநின்ற நீதிபதி லீலா சேத்தைப் போன்றவர்கள் அல்லர் என்று அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் வருகிறது. அதைப் படித்தபோது அந்தத் தந்தையின் குரல் நினைவுக்கு வந்தது. மகளைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. கேட்டதெல்லாம் நான் போட்ட அந்தச் சொல்லைப் பற்றித்தான். அவருடைய எண்ணை நான் குறித்து வைக்கவில்லை.