கழற்றிய பிளேட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

புதிதாக இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்யும் ஆபரேஷன்) வைத்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தோல்தான் பெரிய கவலை. பையைக் காலி செய்வது, மாட்டுவது எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஆனால் ஸ்டோமாவை, அதாவது வெளியே தெரியும் குடல் வாயைச் சுற்றித் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தால், பையைத் தோலோடு பிடித்து வைக்கும் பசைத் தகடான பேஸ் பிளேட் ஒட்டாது. ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் தோல் இன்னும் வெந்துபோகும். முதல் எரிச்சலிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் இது வளராது. களிம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஸ்டோமாவைப் பற்றி. நல்ல ஸ்டோமா உதட்டின் உட்புறம்போல சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது. துடைக்கும்போது இரண்டொரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், லேசாக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நிறம் கருஞ்சிவப்பு, ஊதா, கறுப்பு என்று மாறினாலோ, வெளிறிப்போனாலோ, குடலின் உள்ளிருந்து ரத்தம் நிற்காமல் வந்தாலோ அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். அந்த வீக்கம் வடிந்து உண்மையான அளவுக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். பெரும்பாலான தோல் புண்ணுக்கு வழி இங்கேதான் திறக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்டோமா 38 மி.மீ., பிளேட்டில் 40 மி.மீ. ஓட்டை வெட்டிக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். ஒரு மாதத்தில் ஸ்டோமா 30 மி.மீ. ஆகிவிடுகிறது. வீட்டில் அதே 40-ஐ வெட்டிக்கொண்டிருந்தால் சுற்றிலும் 5 மி.மீ. தோல் மோஷனில் நனைந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம்வரை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பெட்டியில் வரும் அளவு அட்டையை வைத்து அளந்து, ஸ்டோமாவைவிட 2–3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். பத்து பிளேட்டை மொத்தமாக வெட்டி அடுக்கி வைக்காதீர்கள். ஓட்டை சின்னதாகிவிட்டாலும் ஆபத்துதான். விளிம்பு ஸ்டோமாவை அறுத்துக்கொண்டே இருக்கும், வலி இல்லாததால் தெரியாமலே புண்ணாகிவிடும்.

இலியோஸ்டமியில் தோல் இவ்வளவு வேகமாக வேகக் காரணம் உண்டு. சிறுகுடலிலிருந்து வருவதில் உணவைச் செரிக்கும் நொதிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அவற்றுக்கு உணவும் தோலும் ஒன்றுதான். சில மணி நேரம் போதும், மேல்தோல் போய்விடும். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக் என்ற சர்ஜன், குடல் நுனியை வெளிப்பக்கமாக மடித்துத் தைத்து, குழாய் மூக்குபோல 2–3 செ.மீ. எழும்பி நிற்கும் முறையை வெளியிட்டார். வருவது தோலில் வழியாமல் பைக்குள் விழவே அந்த மூக்கு. உங்கள் ஸ்டோமா தோல் மட்டத்துக்கே இருந்தால், அல்லது துவாரம் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் கசிவு அதிகம் இருக்கும் என்று முதலிலேயே எதிர்பாருங்கள்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். பிளேட்டைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பசை வெளுத்து, ஊதி, கொழகொழவென்று கரைந்திருக்கும். அந்த வளையம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டிக் கரைந்திருந்தால் மாற்றுவதற்கு ஒரு நாள் தாமதித்துவிட்டீர்கள். ஓரிடத்தில் மட்டும் பழுப்புக் கறை விளிம்பை நோக்கி ஓடியிருந்தால் அந்தத் திசையில் வயிற்றில் ஒரு மடிப்போ பள்ளமோ இருக்கிறது. கட்டிலில் படுத்துப் பார்த்தால் அது தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, குனிந்து, தரையில் சம்மணமிட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளத்தை ஸ்டோமா பேஸ்ட்டாலோ, ரிங்கை (வளையமாக வரும் மெத்தென்ற பசை) பிய்த்தோ நிரப்ப வேண்டும். பேஸ்ட் ஒட்டும் பசை இல்லை, பள்ளம் நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. அள்ளிப் பூசினால் பிளேட் நழுவும். பல பேஸ்ட்டுகளில் ஆல்கஹால் உண்டு, உரிந்த தோலில் பட்டால் சுரீரென்று எரியும். புண் இருந்தால் ஆல்கஹால் இல்லாத ரிங்தான் நல்லது.

அடுத்து தோலில் சிவப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டோமாவை ஒட்டியோ, கறை ஓடிய திசையிலோ மட்டும் சிவந்து ஈரமாக இருந்தால் கசிவு. பிளேட் அளவுக்கே கோடு போட்டதுபோல் சிவந்து அரித்தால் அந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கம்பெனி பிளேட்டை முயலுங்கள். சிவந்த திட்டும், அதைச் சுற்றித் தள்ளித்தள்ளிச் சின்னப் பொரிகளும், தாங்க முடியாத அரிப்பும் என்றால் பூஞ்சை. டாக்டரைக் கேட்டு மைக்கோனசோல் அல்லது க்ளோட்ரிமசோல் பவுடராக வாங்குங்கள், க்ரீம் வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள எதன்மேலும் பிளேட் நிற்காது. முடிக்கால்களில் சீழ்ப் பொட்டுகள் வந்தால் சவரக்கத்தியும், வெடுக்கென்று பிடுங்குவதுமே காரணம். முடியை ட்ரிம்மரால் குட்டையாக்கினால் போதும். பிளேட்டை இழுக்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாகப் பிரியுங்கள். வராவிட்டால் ரிமூவர் ஸ்ப்ரே, அது இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீர்.

தோல் உரிந்து நீர் கசிகிறதென்றால் இப்படிச் செய்யுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள். ஈரமான இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத தூளைத் தட்டிவிடுங்கள். அதன்மேல் ஆல்கஹால் இல்லாத பேரியர் ஃபிலிமை (தோல்மேல் மெல்லிய படலமாகக் காயும் திரவம்) ஒற்றியோ ஸ்ப்ரே செய்தோ காயவிடுங்கள். தூள், ஃபிலிம் என்று இரண்டு மூன்று அடுக்கு வந்ததும் மேலே ஒரு பொருக்கு படிந்துவிடும், அதன்மேல் பிளேட் பிடிக்கும். ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தோல் ஆறியதும் பவுடரை நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த தோலில் பவுடர் போட்டால் பிளேட் கழன்றுவரும். குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடர் இதற்கு மாற்று ஆகாது. தேங்காய் எண்ணெய், மஞ்சள் பற்று, டெட்டால், ஸ்பிரிட், பேபி வைப்ஸ் எதையும் அந்த இடத்தில் சேர்க்காதீர்கள். அன்போடு சொல்கிறவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டோமாவும் தோலும் சேரும் இடத்தில் உள்ள தையல் தானாகக் கரையும், பிரிக்க வேண்டியதில்லை. சிலருக்கு அங்கே ஒரு பக்கம் விட்டுப்போய்ப் பிளவு விழும். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை, சத்துக் குறைவு இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆழமில்லாத பிளவைப் பவுடரால் நிரப்பி மேலே பிளேட்டை ஒட்டினால் அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிவிடும். ஆழம் தெரியவில்லை, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் ஸ்டோமா நர்ஸோ சர்ஜனோ பார்த்தாக வேண்டும். கசிவுக்குத் தீர்வு என்று குவிவு பிளேட்டை (convex, தோலை நோக்கிப் புடைத்திருப்பது) நீங்களாகவே வாங்கி மாட்டாதீர்கள். அதன் அழுத்தம் புதுத் தையலை இன்னும் பிரித்துவிடலாம். தையல் இருந்த இடத்தில் தொட்டாலே ரத்தம் வரும் சிவப்பு முண்டுகள் வளர்ந்தால் டாக்டர் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுட்டுவிடுவார். க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஊதா விளிம்போடு கடுமையாக வலிக்கும் குழிப்புண் வந்தால் அதைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது, அதற்கு மருந்து வேறு.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள், பாரம் பிளேட்டை இழுக்கும். மாற்றுவதற்கு விடிகாலை, காபிகூடக் குடிப்பதற்கு முன், நல்ல நேரம். அப்போது குடல் அடங்கியிருக்கும். 3–4 நாளுக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. கத்திரி வெயிலில் வியர்வைக்கு அது இரண்டு நாளாகக் குறையலாம். பிளேட்டுக்கு அடியில் எரிச்சலோ அரிப்போ தோன்றினால் நேற்றுதான் மாற்றினோமே என்று விலையை நினைத்து ஒட்டுப் போட்டுச் சமாளிக்காமல் உடனே கழற்றிப் பாருங்கள்.