மேக்கா விண்டோஸா என்று கேட்ட ஜூனியருக்கு

போன மாதம் ஓ.பி. முடிந்து கிளம்பும் நேரத்தில் ஜூனியர் டாக்டர் ஒருவர் வந்து நின்றார். சொந்தமாக கிளினிக் தொடங்கப் போகிறார். "சார், மேக் வாங்கலாமா, விண்டோஸே போதுமா?" என்று கேட்டார். நுரையீரல் மருத்துவராகப் பல வருடங்களாக இரண்டிலும் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் சட்டென்று ஒரு பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "ஸ்பைரோமீட்டர் எது வாங்கப் போறீங்க? அதை முதல்ல சொல்லுங்க" என்றேன். கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் இவர் ஏன் மூச்சு ஊதுகிற கருவிக்குப் போகிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அந்தக் கேள்வி வந்து சேரப் பல வருடங்கள் ஆயின.

நான் படித்ததும் பயிற்சி பெற்றதும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். 2009-ல் முதல் மேக் வாங்கினேன். கருத்தரங்குகளுக்கு ஸ்லைடு தயாரிக்க, பிராங்காஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) வீடியோக்களை வெட்டி ஒட்ட அது மிகவும் வசதியாக இருந்தது. திறந்த உடனே வேலை செய்யும் கருவி கையில் இருப்பது, டியூட்டிக்கு நடுவில் படிக்கிறவனுக்குப் பெரிய விஷயம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, மூச்சிரைப்போடு இருந்த ஒரு வயதான அம்மாவை அவர் மகன் கூட்டி வந்தார். வேறோர் இடத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் டிஸ்க்கை நீட்டினார். விண்டோஸில் அந்த டிஸ்க்கைப் போட்டால் தானாகவே ஒரு வியூவர் திறக்கும். என் மேக்கில் எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ஓர் ஆட்டோரன் கோப்பு, விண்டோஸில் மட்டும் ஓடும் ஓர் எக்ஸி கோப்பு, டைகாம்டிர் என்று ஒன்று, அப்புறம் வெறும் எண்களையே பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான கோப்புகள். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. "டிஸ்க் கெட்டுப்போச்சா டாக்டர்? மறுபடியும் எடுக்கணுமா?" என்று மகன் கேட்டார். மறுபடி எடுப்பது என்றால் இன்னொரு முறை கதிர்வீச்சு, இன்னொரு முறை செலவு, நடக்கவே சிரமப்படுகிறவரை இன்னொரு முறை அலைக்கழிப்பது. பக்கத்து அறையில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த பயம் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று இரவு தேடியபோதுதான் ஓசிரிக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அந்த்வான் ரோசே என்ற கதிரியல் மருத்துவரும் ஒஸ்மான் ராத்திப் என்ற பேராசிரியரும் சேர்ந்து மேக்குக்காகவே உருவாக்கி 2004-ல் வெளியிட்டது. அப்போது அது இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே இருந்தது. அந்த மூலத்திலிருந்துதான் பின்னாளில் ஹோரோஸ் என்ற இன்னொரு மென்பொருள் கிளைத்தது. ஸ்கேன் படங்களை நாள் முழுக்கப் பார்க்கிற ஒரு மருத்துவரே உட்கார்ந்து எழுதிய மென்பொருள் என்பது அதைத் தொட்டவுடன் தெரிந்தது. டிஸ்க்கில் இருந்த ஃபோல்டரை அப்படியே அதற்குள் இழுத்துப் போட்டேன். காலையில் திறக்க மறுத்த அதே வகைக் கோப்புகள் நுரையீரலாக விரிந்தன. முன்னிருந்து பின், பக்கவாட்டு, குறுக்கு என்று எந்தத் திசையிலும் வெட்டிப் பார்க்க முடிந்தது.

அந்த எக்ஸி கோப்பு வெறும் உறை. கடிதம் உள்ளே டைகாம் வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் மருத்துவப் படங்களுக்காக 1985-ல் வெளியிட்ட ஒரு பொதுத் தரம், 1993-ல் டைகாம் என்ற பெயரோடு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்கேனரும் தனித்தனி மொழி பேசிக்கொண்டிருந்தது. இன்று எந்த ஸ்கேனரில் எடுத்தாலும் நோயாளியின் பெயர், தேதி, வெட்டின் தடிமன், ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தி எல்லாம் ஒரே விதமாக எழுதப்படுகின்றன. மேக், விண்டோஸ், லினக்ஸ் என்று எதில் வேண்டுமானாலும் படிக்கலாம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மகன் அன்றைக்குப் பயந்திருக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போது ஜூனியர்களிடம் தவறாமல் ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். டிஸ்க் திறக்கவில்லை என்பதற்காக ஃபிலிமை மொபைலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். சி.டி. ஸ்கேனில் காற்றின் அடர்த்தி மைனஸ் 1000, தண்ணீர் பூஜ்யம், எலும்பு பல நூறுகளில். நுரையீரலைப் பார்க்க மைனஸ் 600 மட்டத்தை மையமாக வைத்து, 1500 அகலத்தில் சாம்பல் நிறங்களைப் பரப்புவோம். அதே படத்தில் நெறிக்கட்டிகளைப் பார்க்க மையத்தை மேலே நகர்த்த வேண்டும். மொபைல் எடுக்கும் ஜேபெக் படத்தில் 256 சாம்பல் நிறங்கள்தான்; யாரோ வைத்த மட்டத்தில் உறைந்துபோயிருக்கும். மெல்லிய பனிமூட்டம் போன்ற ஆரம்பகால மாற்றம் அதில் காணாமல் போகும். லேப்டாப் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைக்காமல் யாரும் ஸ்கேன் பார்க்கக் கூடாது. இறுதி ரிப்போர்ட் எழுதுவதற்கு டைகாம் அளவீட்டின்படி சரிசெய்த மானிட்டர் வேண்டும். அதைக் கொடுப்பது மேக்கோ விண்டோஸோ இல்லை.

சரி, படங்களின் கதை நல்லபடியாக முடிந்தது. மூச்சின் கதை அப்படி முடியவில்லை.

என் ஸ்பைரோமீட்டரின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். முதலில் அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. இன்டெல் சிப் உள்ள மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸையும் நிறுவலாம் என்ற வசதி 2006-லேயே வந்துவிட்டது. காலையில் விண்டோஸ், மாலையில் மேக் என்று ஒரே லேப்டாப்பில் பல வருடங்கள் ஓட்டினேன். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மேக்குகளைக் கொண்டுவந்தது. வேகம், பேட்டரி இரண்டும் அசத்தலாக இருந்ததால் அடுத்த வருடம் நானும் மாறினேன். அந்த மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் ஆர்ம் வகை சிப்புக்கான (எம்1 அந்த வகைதான்) விண்டோஸை ஓட்டலாம். பழைய சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் கருவியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் டிரைவர்களை அப்படி மொழிபெயர்க்க முடியாது; ஆர்ம் சிப்புக்கென்றே எழுதியிருக்க வேண்டும். கருவி விற்றவர்கள் எழுதவில்லை. ஸ்பைரோமீட்டரின் மென்பொருள் அழகாகத் திறந்தது. நோயாளி ஊதினார். திரையில் கோடு எழவே இல்லை.

அதனால் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பை அந்தக் கருவிக்கென்றே ஒதுக்கினேன். ஒன்றரை வருடத்தில் அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் வைத்திருந்தேன். ஆனால் அந்த பேக்கப் கோப்பை அதே மென்பொருளின் அதே பதிப்பால்தான் திறக்க முடியும். கேட்டபோது, பழைய பதிப்புக்கு இனி உதவி இல்லை, புதிய பதிப்பு இந்தக் கோப்பைப் படிக்காது என்று சொல்லிவிட்டார்கள். பல வருடங்கள் என் நோயாளிகள் மூச்சுப்பிடித்து ஊதிய எண்கள் முழுவதும் என் கண்ணெதிரே ஒரு பூட்டிய பெட்டிக்குள் கிடந்தன.

பழைய எண்களுக்கு என்ன அவசியம் என்று நினைக்கலாம். புகைபிடிக்காத, ஆரோக்கியமான ஒருவருக்கும் முதல் நொடியில் வெளியேற்றும் காற்றின் அளவு வருடத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே போகும். ஒருவருக்கு அதைவிட வேகமாகக் குறைகிறதா என்பது இன்றைய எண்ணைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. நுரையீரலில் தழும்பு பரவும் நோயில் இது இன்னும் முக்கியம். மொத்தமாக ஊதி வெளியேற்றும் அளவு ஒரு வருடத்துக்குள் பத்து சதவிகிதம் குறைந்தால் நோய் வேகமெடுத்திருக்கிறது என்று பொருள். மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். அந்த நோயோடு பல வருடங்களாக என்னிடம் வரும் ஒருவர், டிஸ்க் போன வாரத்தில் வந்தார். போன வருட எண் என்னிடம் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஒவ்வொரு முறையும் நான் அச்சிட்டுக் கொடுத்த ரிப்போர்ட்கள், தேதி வாரியாக. அவற்றைப் பார்த்துத்தான் அன்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பழைய நோயாளியிடமும் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கி, எண்களை ஒரு சாதாரண விரிதாளில் நானே தட்டச்சு செய்தேன். காகிதத்தில் எண்கள் கிடைத்தன. ஊதிய வளைவுகள் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போன நோயாளிகளும் உண்டு.

மற்ற விஷயங்கள் இதோடு ஒப்பிட்டால் சின்னவை. மருத்துவமனைகளின் பதிவேடுகள் முன்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறக்கும்; மேக் வைத்திருப்பவர் திண்டாடுவார். 2022 ஜூனில் அந்த பிரவுசருக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நான் பார்க்கும் இடங்களில் பதிவேடு எந்த பிரவுசரிலும் திறக்கிறது. ஆய்வுக்கான புள்ளியியல் மென்பொருள்களான ஆர், எஸ்.பி.எஸ்.எஸ். இரண்டுமே இரு பக்கமும் ஓடுகின்றன. லேப்டாப் தொலைந்தால் நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது; மேக்கில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட்டை இயக்க வேண்டும், விண்டோஸில் ஹோம் பதிப்பை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் முழு பிட்லாக்கர் உள்ள புரோ பதிப்பை வாங்க வேண்டும்.

கருவியோடு கட்டிப்போட்ட பழைய விண்டோஸ் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் தாக்கியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் டிரஸ்ட்களில் (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகள்) மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதைத் தடுத்திருக்கக்கூடிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அவ்வளவு கம்ப்யூட்டர்கள் அப்டேட் ஆகாமல் இருந்ததை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்டேட் செய்தால் கருவி ஓடாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போக முடியாத கருவிக் கம்ப்யூட்டர்களை நெட்டிலிருந்து பிரித்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. மேக் வைத்திருப்பவர் இதைப் படித்து நிம்மதியடைய வேண்டாம். ஆப்பிளும் பழைய மாடல்களுக்கு அப்டேட்டை நிறுத்தத்தான் செய்கிறது.

இதையெல்லாம் அந்த ஜூனியரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்பைரோமீட்டர் விற்கும் இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை எழுதினார்: எண்களையும் வளைவையும் உங்கள் மென்பொருள் இல்லாமலே படிக்கக்கூடிய வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? ஒருவர் பி.டி.எஃப். மட்டும் தர முடியும் என்றார். இன்னொருவர் எந்த விரிதாளிலும் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாகத் தரலாம் என்று சொல்லி ஒரு மாதிரிக் கோப்பையும் அனுப்பினார். ஜூனியர் அதை என்னிடம் கொண்டுவந்தார். அவர் விண்டோஸில் திறந்தார், நான் என் மேக்கில் திறந்தேன். இரண்டிலும் ஒரே எண்கள் இருந்தன. வளைவை வரையத் தேவையான புள்ளிகளும் இருந்தன.

அந்தக் கருவியை ஆர்டர் செய்துவிட்டார். அதோடு இணைக்க ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் வரப்போகிறது. தனக்கென்று வாங்கும் லேப்டாப் எதுவாக இருக்கட்டும் என்று நேற்று மறுபடி கேட்டார். "கையில எடுத்துப் பாருங்க, உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வாங்குங்க" என்றேன்.